ஹெரால்டின் பின்பட்டாவும் தீராத ஒரு வாக்குவாதமும்

அறுபதுகளில் சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை வைத்திருக்கும் எவருக்கும் இந்த யோசனை எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும்: பின்னால் தனித்தனியாக ஆடும் சக்கர அமைப்பை மொத்தமாகக் கழற்றிவிட்டு, அம்பாசிடரிலும் ஃபியட்டிலும் இருப்பதைப் போன்று இரண்டு சக்கரத்தையும் இணைக்கும் ஒரே நீள நேர் ஆக்சிலைப் பொருத்திவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பார்கள். மெக்கானிக்குகள் சொல்வார்கள், பழைய கார் ஆர்வலர்கள் சொல்வார்கள், ஒரு காலத்தில் வீட்டில் ஹெரால்டு வைத்திருந்த பெரியவர்கள், வளைவில் பார்த்துப் போ என்ற எச்சரிக்கையோடு சேர்த்துச் சொல்வார்கள். இவர்களில் பலர் என்னைவிட நீண்ட காலம் இந்த வண்டியோடு பழகியவர்கள் என்பதால் அந்தக் கருத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியவில்லை. போதாததற்கு, ஹெரால்டைத் தயாரித்த சென்னைக் கம்பெனியே 1972-இல் அதன் வாரிசாகக் கேசல் என்ற காரைக் கொண்டுவந்தபோது, பின்பக்கத்துக்கு நேர் ஆக்சிலையே தேர்ந்தெடுத்தது. தயாரித்தவர்களே கைவிட்ட ஓர் அமைப்பை நான் ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்ற கேள்விக்கு எனக்கே திருப்தியான பதில் கிடைக்க வெகுகாலம் ஆயிற்று.

என்னிடம் இருப்பது 1966-இல் வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூரிலிருந்து வெளிவந்த இரண்டு கதவு ஹெரால்டு. 948 சிசி எஞ்சின். முன்பக்க பானெட் மட்கார்டுகளோடு சேர்ந்து அப்படியே முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். டயர் மேல் உட்கார்ந்தபடியே எஞ்சின் வேலை முழுவதையும் பார்த்துவிடலாம். சுமார் 25 அடி விட்டத்துக்குள் முழு வட்டம் அடிக்கும் ஸ்டீயரிங். இத்தாலியரான மிக்கெலோட்டி வரைந்த உடல். இவற்றையெல்லாம் எல்லோரும் பாராட்டுவார்கள். நான் இந்த வண்டியை விரும்பக் காரணம் இவற்றில் எதுவும் இல்லை. குண்டும் குழியுமான சாலையில் ஒரு பின்சக்கரம் பள்ளத்தில் இறங்கும்போது மற்றது அசையாமல் இருக்கிறதே, அதுதான் காரணம். எஞ்சின் சக்தியைப் பின்சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல், அடிச்சட்டமான சேஸியோடு சேர்த்து போல்ட் செய்யப்பட்டிருப்பதால், அந்தக் கனம் சக்கரத்தோடு சேர்ந்து குதிப்பதில்லை. அன்று இந்தியாவில் தயாரான மூன்று முக்கியமான கார்களில் இந்த வசதி ஹெரால்டுக்கு மட்டுமே இருந்தது. ஊர்ப்புறச் சாலையில் அம்பாசிடரின் பின்சீட்டில் உட்கார்ந்து வந்தவர்களுக்கு அந்த வேறுபாட்டை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் வளைவில் நிலைமை வேறு. ஏலகிரி மலையிலிருந்து இறங்கும் சாலையில், புலவர்களின் பெயரையும் வள்ளல்களின் பெயரையும் தாங்கிய அந்த 14 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், வலப்பக்கமாகத் திரும்பிக்கொண்டிருந்தபோது எதிரே ஒரு பேருந்து பாதிச் சாலையை அடைத்துக்கொண்டு ஏறி வந்தது. வேகம் ஒன்றும் அதிகமில்லை. பிரேக்கைக்கூடத் தொடவில்லை, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மட்டும் எடுத்தேன். யாரோ பின்னாலிருந்து தூக்கிவிட்டது போல வண்டியின் பின்புறம் எழும்பியது. எழும்பிய அந்தக் கணத்திலேயே பக்கவாட்டில் வெளியே நகர்ந்தது. ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பியதில் வண்டி நேருக்கு வந்துவிட்டது. பேருந்து ஓட்டுநர் எதையும் கவனித்திருக்கமாட்டார். சறுக்கல் எனக்குப் புதிதல்ல. சறுக்குவதற்கு முன்பு வண்டி மேலே எழுந்ததே, அதுதான் மனத்தில் நின்றுவிட்டது. வளைவில் வண்டி சாயும் என்பது இயல்பு. உயர்வது ஏன்?

பின்னால் என்ன இருக்கிறது

ஹெரால்டின் பின்பக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஜாக்கி போதும். வண்டியின் பின்புறத்தை நடுவில் தூக்கினால், இரண்டு சக்கரங்களும் அடிப்பக்கம் உள்நோக்கி மடங்கித் தொங்கும். மறுபடி கீழே இறக்கினாலும் அவை நேராகிவிடுவதில்லை. கால் வளைந்த குழந்தையைப் போல அப்படியே நிற்கும். வண்டியைச் சில அடி தள்ளிய பிறகுதான் டயர்கள் தரையில் விரிந்து தம் இடத்துக்கு வரும். (அலைன்மென்ட் கடைக்காரர்களிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு சக்கரச் சாய்வான கேம்பரைப் பார்த்தால், அந்தக் கணக்குக்கும் வண்டிக்கும் சம்பந்தமே இருக்காது.) ஒவ்வொரு பக்கமும் உள்ள அரை ஆக்சிலுக்கு யூஜே கிராஸ் என்ற ஒரே ஒரு மடங்கும் இணைப்புதான், அது டிஃபரன்ஷியலை ஒட்டி உள்முனையில் இருக்கிறது. சக்கரம் அந்த ஒற்றைப் புள்ளியை மையமாக வைத்து வில்போல மேலும் கீழும் ஆடுகிறது. மேலே போனால் சக்கரத்தின் தலை உட்பக்கம் சாயும். கீழே இறங்கினால் வெளிப்பக்கம் சாயும். டிஃபரன்ஷியலின் முதுகில் குறுக்காகப் படுத்திருக்கும், எஃகு இலைகளை அடுக்கிய ஒரே ஒரு பட்டா ஸ்பிரிங், இரண்டு பக்கத்து எடையையும் சுமக்கிறது. சக்கரம் முன்பின்னாக நகராமல் இருக்க ஒவ்வொரு பக்கமும் ஒரு ரேடியஸ் ராடு. அவ்வளவுதான் மொத்த அமைப்பு.

வளைவில் வெளிப்பக்கத்து டயர் தரையைப் பற்றும்போது, அந்தப் பிடிப்பின் விசை டயரின் அடியிலிருந்து உள்நோக்கிச் செயல்படுகிறது. ஆக்சில் மடங்கும் புள்ளியோ தரையிலிருந்து உயரத்தில் இருக்கிறது. ஆகவே அந்த விசை சக்கரத்தை வண்டிக்கு அடியில் தள்ளி, மடங்கும் புள்ளியை மேலே நெம்புகிறது. உட்பக்கத்துச் சக்கரத்தில் இதே விசை வண்டியைக் கீழே இழுக்கும். ஆனால் வளைவில் எடை வெளிப்பக்கத்துக்கு மாறிவிடுவதால் உட்சக்கரத்தின் இழுப்பு பலவீனமாகிவிடுகிறது. மிஞ்சுவது தூக்கும் விசை. வண்டி சிறிது எழுந்ததும் ஆக்சிலின் சாய்வு கூடுகிறது. சாய்வு கூடியதும் தூக்கும் விசையும் கூடுகிறது. ஒன்று மற்றொன்றை வளர்த்துக்கொண்டே போய், டயர் தன் வெளி விளிம்பில் நிற்கும் நிலைக்கு வந்து பிடிப்பை விடுகிறது. வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரை விட்டால் எடை முன்னால் போய்ப் பின்புறம் இலேசாகிறது; இந்தச் சங்கிலி தொடங்க அதுவே போதும். ஏலகிரியில் நடந்தது இதுதான்.

இந்தக் குறை ஹெரால்டுக்கு மட்டும் உரியதல்ல. ஃபோக்ஸ்வாகன் பீட்டில், ரெனோ டாஃபீன், அமெரிக்காவின் ஷெவர்லே கார்வேர் எல்லாம் ஸ்விங் ஆக்சில் எனப்படும் இதே வகையைச் சேர்ந்தவை. கார்வேருக்கு முன்டயரில் 15 பவுண்டும் பின்டயரில் 26 பவுண்டும் காற்றடிக்கச் சொன்னார்கள். இவ்வளவு பெரிய வித்தியாசத்தை வைத்து, முன்சக்கரம் முதலில் பிடிப்பை இழக்கும்படி பார்த்துக்கொண்டார்கள். காற்றழுத்தமானியை நம்பி ஒரு காரின் நடத்தையை விடுவது எவ்வளவு பலவீனமான ஏற்பாடு என்பது பெட்ரோல் பங்க்கில் நான்கு டயருக்கும் ஒரே அளவு அடித்துக்கொண்டு போகும் நம் எல்லோருக்கும் தெரியும்.

உயர்த்தியதால் வந்தது

என் வண்டி என்னிடம் வந்தபோது பின்பட்டாவில் ஓர் இலை கூடுதலாக இருந்தது. இதை நம் ஊரில் ஓடிய ஹெரால்டுகள் பலவற்றில் பார்க்கலாம். பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் சாமான்களுமாக ஏறினால் வண்டி தாழ்ந்து போகிறது, வேகத்தடையில் அடிக்கிறது; ஆகவே பட்டா அடிக்கும் கடையில் ஓர் இலையைச் சேர்த்து, இருப்பவற்றுக்கும் வளைவைக் கூட்டிக் கொடுத்துவிடுவார்கள். லாரிக்குச் செய்யும் வைத்தியம் இது. லாரியின் ஆக்சில் நேர் ஆக்சில். உயர்த்தினால் உயரும், வேறொன்றும் நடக்காது. ஹெரால்டில் பின்புறத்தை உயர்த்துவது என்றால், காலியாக ஓடும்போதே சக்கரங்களைப் பாதி மடங்கிய நிலையில் வைப்பது என்று பொருள். ஓட்டுநர் மட்டும் உள்ள வண்டியில் பின்சக்கரங்கள் தலை வெளியே சாய்ந்து நின்றால், மேலே சொன்ன சங்கிலியின் முதல் கண்ணி ஏற்கனவே மாட்டப்பட்டுவிட்டது. அதோடு, இலை சேர்ந்த பட்டா சாய்வையும் கடுமையாக எதிர்க்கும். அதன் விளைவை நான் புரிந்துகொண்டது பிறகுதான்.

எனவே முதல் வேலை, அந்த இலையை எடுத்து, பட்டாவைப் பழைய உயரத்துக்குக் கொண்டுவருவது. அத்தோடு தேய்ந்தவை எல்லாம் மாறின. பழைய காரின் சஸ்பென்ஷனை மேம்படுத்துவதாகச் சொல்லிப் புதுப்புதுப் பாகங்களை வாங்கிக் குவிப்பவர்கள் இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதிப்பதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடே இல்லை. ரேடியஸ் ராடின் புஷ் நைந்திருந்தால் பின்சக்கரம் தானே ஸ்டீயரிங் செய்துகொள்ளும். அந்த நிலையில் எந்த ஸ்பிரிங்கைப் போட்டு என்ன தெரியப்போகிறது? ஸ்டீயரிங் ரேக்கைப் பிடித்திருக்கும் ரப்பர்கள், நான்கு ஷாக் அப்சார்பர்கள், வீல் பேரிங்குகள், யூஜே கிராஸ்கள் என எல்லாம் சரிபார்க்கப்பட்டன.

முன்பக்கத்தில் ஒரு விஷயத்தை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அது உயிர் சம்பந்தப்பட்டது. ஹெரால்டின் முன்சக்கரம் திரும்புவது, கீழ்முனையில் ட்ரனியன் என்ற வெண்கலப் பாகத்துக்குள் மரை போட்டு இறங்கும் இரும்புத் தண்டின் மேல். அதற்குக் கிரீஸ் ஆகாது. கியர் பாக்ஸுக்கு ஊற்றும் இபி 90 எண்ணெய்தான் போட வேண்டும். கிரீஸ் மரையின் அடிவரை போகாது. போகும் வழியிலேயே இறுகி அடைத்துக்கொள்ளும். மேலே பார்த்தால் பிசுபிசுவென்று நன்றாகத்தான் தெரியும். உள்ளே தண்ணீர் இறங்கித் துருப்பிடித்து, ஒருநாள் அந்தத் தண்டு மரை தொடங்கும் இடத்தில் முறிந்து, சக்கரம் மட்கார்டுக்குள் மடங்கிவிடும். என் வண்டியின் இடது ட்ரனியனைக் கழற்றியபோது மேலிருந்த இரண்டு மூன்று மரைகள் பளபளப்பாகவும், அவற்றுக்குக் கீழே இருந்தவை செம்பழுப்பாகச் சொரசொரத்தும் கிடந்தன. விரல் நகத்தால் சுரண்டினால் பொடி உதிர்ந்தது. இரண்டு பக்கமும் தண்டோடு சேர்த்து மாற்றினேன். கிரீஸ் கன்னையே எண்ணெய் நிரப்பி அதற்கென்று தனியாக வைத்துக்கொள்ளலாம். ஹெரால்டு வைத்திருப்பவர்கள் இதை மட்டும் எந்த மெக்கானிக்கிடமும் விட்டுவிடாமல் நேரில் நின்று பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இவ்வளவும் முடிந்த பிறகு வண்டி நேர்சாலையில் அம்புபோல ஓடியது. வளைவில் பயம் குறைந்தது, ஆனால் போகவில்லை. மலைப்பாதையில் காலை எடுக்கும்போது அந்த எழும்பல், முன்பைவிட மெல்லியதாக, இன்னும் இருந்தது. இந்தக் கட்டத்தில் கிடைத்த அறிவுரைகள் எல்லாம் ஒரே திசையைக் காட்டின: கெட்டியாக்கு. கெட்டியான ஸ்பிரிங், கெட்டியான ஷாக், அகலமான டயர். அகலமான ரேடியல் டயர் கூடுதலாகப் பிடிக்கும் என்பது உண்மை. ஆனால் தூக்கும் விசை பிறப்பதே டயரின் பிடிப்பிலிருந்து; பிடிப்பு கூடக்கூட நெம்புகோலின் பலமும் கூடும். பழைய கிராஸ்பிளை டயர்கள் எழும்பலுக்கு முன்பே சறுக்கிவிடுவதால் ஒருவகையில் இந்த அமைப்புக்கு இணக்கமானவையாக இருந்தன.

பட்டறைத் தரையில்

புதுப்பேட்டைப் பக்கம் பட்டா வேலை செய்யும் ஒரு பெரியவரிடம் அந்தப் பட்டாவைச் சரிபார்க்கக் கொடுத்திருந்தேன். லாரிப் பட்டாக்களில் வளர்ந்த கை. எல்லோருக்கும் அவர் பாய்தான். குறுக்குப் பட்டாவைப் பார்த்து, "இது மாட்டு வண்டி வில்லு மாதிரி இருக்குது தம்பி" என்றவர், அதன் நடுப்பகுதியை ஓர் இரும்புக் கட்டையின் மேல் வைத்துக் கிளாம்ப்பால் இறுக்கினார். ஒரு முனையில் கம்பியைக் கோத்துக் கீழே அழுத்தினார். அந்த முனை வளைந்தது. மறுமுனை அசையவே இல்லை. ஒவ்வொரு பக்கமும் ஒரே அளவு வளைகிறதா என்று பார்ப்பது அவர் நோக்கம். பிறகு இலைகளைப் பிரிப்பதற்காகக் கிளாம்ப்பைத் தளர்த்தினார். தளர்ந்த நிலையில் ஏதோ நினைவில் மறுபடி அதே முனையை அழுத்தியபோது, பட்டா வளையவில்லை. நடுவில் புரண்டு, மறுமுனை மேலே எழுந்தது. இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து ஒரே நேரத்தில் அழுத்திப் பார்த்தோம். அப்போது மட்டும் அதன் முழுப் பலமும் கையில் தெரிந்தது.

அந்த இரும்புக் கட்டையின் முன் குத்த வைத்து உட்கார்ந்திருந்தபோது, இவ்வளவு நாளும் ஒன்றாக நினைத்திருந்த இரண்டு வேலைகள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. இரண்டு சக்கரமும் ஒன்றாக மேலே வரும்போது எடையைத் தாங்குவது ஒரு வேலை. ஒன்று ஏறி மற்றது இறங்கும்போது, அதாவது வண்டி சாயும்போது, அந்தச் சாய்வை எதிர்ப்பது இன்னொரு வேலை. நடுவில் இறுக்கிய பட்டா இரண்டையும் செய்கிறது. முதல் வேலை நமக்குக் கட்டாயம் வேண்டும். இரண்டாவது வேலையைப் பின்பக்கம் செய்யும்போதுதான் வெளிச்சக்கரத்தின் மேல் எடை குவிகிறது, உட்சக்கரத்தின் கீழ்நோக்கிய இழுப்பு பலவீனமாகிறது, தூக்கும் விசைக்கு எதிரி இல்லாமல் போகிறது. சாய்வை எதிர்க்கும் பொறுப்பைப் பின்பக்கத்திடமிருந்து பிடுங்கி முன்பக்கத்திடம் கொடுத்துவிட்டால், இரண்டு பின்டயர்களும் எடையை ஏறக்குறையச் சமமாகப் பகிர்ந்துகொள்ளும். உட்சக்கரத்தின் இழுப்பு வெளிச்சக்கரத்தின் தூக்கலைப் பெருமளவு ஈடுசெய்யும். அதோடு, சாயும் வண்டியில் வெளிப்பக்கச் சக்கரம் உடலை நோக்கி மேலே வருவதால் அதன் தலை உட்பக்கம் சாய்ந்து, டயர் தரையில் முழுமையாகப் படியும். இத்தனை நாளாகக் கெட்டியாக்கச் சொன்ன இடத்தில் செய்ய வேண்டியிருந்தது நேர் எதிரான வேலை.

வீட்டுக்கு வந்து படிக்கத் தொடங்கியபோது, இதே முடிவுக்குப் பலரும் வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்திருப்பது தெரிந்து மகிழ்ச்சியாக இருந்தது. மெர்சிடிஸ்காரர்கள் தம் ஸ்விங் ஆக்சிலின் மடங்கும் புள்ளியை டிஃபரன்ஷியலுக்கு அடியில் தாழ்த்தியதோடு, இரண்டு பக்கத்தையும் இணைத்துப் படுக்கைவாட்டில் ஒரு ஸ்பிரிங்கையும் வைத்தார்கள். அது எடையைச் சுமக்கும், சாய்வில் தலையிடாது. பீட்டிலில் 1967 மாடலிலிருந்து வந்த குறுக்குக் கம்பியும் அதே வேலையைத்தான் செய்கிறது. பீட்டில் பாகங்களை வைத்துக் கட்டிய ஃபார்முலா வீ பந்தயக் கார்களில், பின்பக்கச் சாய்வு எதிர்ப்பை அறவே நீக்கிவிடுவது வழக்கமாகவே ஆகிவிட்டது. ஹெரால்டை முதலில் உருவாக்கிய டிரயம்ஃப் கம்பெனி அதே சேஸி வழியில் செய்த ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரில் 1970-இல் வந்த மாற்றமோ பாயின் பட்டறையில் நான் பார்த்ததேதான்: பட்டாவின் ஓர் இலையை மட்டும் டிஃபரன்ஷியலோடு இறுக்கிவிட்டு, மற்ற இலைகளை ஒரு பெட்டிக்குள் நடுவில் புரளும்படி விட்டுவிட்டார்கள். இறுக்கிய ஓர் இலை, பட்டா பக்கவாட்டில் நகராமல் பார்த்துக்கொள்கிறது. முன்பக்கத்தில் சாய்வை எதிர்க்கும் கம்பியான ஆன்டி-ரோல் பாரைத் தடிமனாக்கி, குறைந்த சாய்வு எதிர்ப்பை அங்கே ஈடுகட்டினார்கள். இங்கிலாந்தின் கவன்ட்ரியில் 1959-இல் செலவைக் கருதி வைத்த அமைப்பின் குறையை, அந்த அமைப்பை விட்டுவிடாமலேயே, ஏறக்குறைய பத்தாண்டுக்குப் பிறகு சரிசெய்தார்கள். என்னைப் பொறுத்தவரை டிரயம்ஃபின் வரலாற்றில் அதிகம் பாராட்டப்படாத மிகச் சிறந்த வேலை இது.

அந்த வகைப் பட்டாவை இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். தடிமனான ஆன்டி-ரோல் பாரும் அதோடு வந்தது. டிஃபரன்ஷியலின் தலையில் உள்ள ஸ்டட்டுகளை மாற்ற வேண்டியிருந்தது. சேஸியில் ஓர் ஓட்டைகூடப் போடவில்லை. வண்டியில் ஓட்டுநர் மட்டும் இருக்கும்போது பின்சக்கரங்கள் தலையை இலேசாக உட்பக்கம் சாய்த்து நிற்கும்படி உயரத்தை வைத்தோம். அதற்கும் கீழே இறக்கினால் வளைவுக்கு இன்னும் நல்லதுதான். பட்டாவுக்கும் டிஃபரன்ஷியலுக்கும் இடையில் ஓர் அலுமினியக் கட்டை வைத்தால் போதும். நம் தெருக்களின் வேகத்தடைகளை நினைத்து நான் அதைச் செய்யவில்லை. சைலன்சர் பைப்பை உரசிக்கொண்டு போகும் காரை நல்ல காராக என்னால் நினைக்க முடியாது. முன்சக்கரங்களின் கேம்பரைக் கீழ் விஷ்போன் கரம் பிடிக்கும் இடத்தில் ஷிம் என்ற மெல்லிய தகடு வைத்தும், பின்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவான டோவை ரேடியஸ் ராடு பிராக்கெட்டில் ஷிம் வைத்தும் சரிசெய்யலாம். இந்தப் பின்பக்க ஷிம்களைப் பற்றி அலைன்மென்ட் கடைகளில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. நேர் ஆக்சில் பழகியவர்களுக்குப் பின்சக்கரத்தில் திருத்த எதுவும் இருக்கும் என்று தோன்றாதது இயல்புதான்.

இப்போது வண்டி வளைவில் முன்பைவிடச் சற்று அதிகமாகச் சாய்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் கைப்பிடியைத் தேடுவார்கள். ஆனால் அந்தச் சாய்வு நிதானமாக வந்து ஓரிடத்தில் நிற்கிறது, எழும்பல் இல்லை. ஏலகிரியின் அதே இறக்கத்தில், ஆளும் வண்டியும் இல்லாத அதிகாலையில், வளைவின் நடுவில் வேண்டுமென்றே காலை எடுத்துப் பார்த்தேன். முன்புறம் இலேசாக உள்ளே திரும்பியது. பின்புறம் அதன் பின்னாலேயே வந்தது. எல்லை வரும்போது முன்டயர்கள்தான் முதலில் முனகுகின்றன, அதுவும் காதுக்குக் கேட்கும்படி, ஓட்டுநருக்கு அவகாசம் கொடுத்து. பள்ளமான சாலையில் சவாரியும் முன்பைவிட மென்மையாகியிருக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் மேட்டில் ஏறும்போது புரளும் பட்டா அதை உடலுக்குள் கடத்துவதில்லை. வளைவுக்காகச் செய்த வேலையில் நேர்சாலையும் பயனடைந்தது.

கேசலுக்கு நியாயம்

அப்படியானால் சென்னைக்காரர்கள் 1972-இல் செய்தது பிழையா? அப்படி நான் நினைக்கவில்லை. ஆர்வலர்கள் கேசலைப் பற்றிப் பேசும்போது, அது ஒரு பின்வாங்கல், செலவுச் சிக்கனம் என்ற தொனியிலேயே பேசுவதை நானும் நெடுநாள் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். அன்றைய நிலைமையை யோசித்தால் அந்தத் தொனி நியாயமாகப் படவில்லை. ஸ்விங் ஆக்சிலின் அடிப்படைச் சிக்கல், சுமை மாறமாற சக்கரத்தின் நிற்பு மாறுவது. இங்கிலாந்தில் இரண்டு பேர் உட்கார்ந்து போகும் ஸ்பிட்ஃபயருக்கு அந்த மாற்றம் சிறியது. நம் ஊரில் ஹெரால்டு ஒரு குடும்பத்தின் முழு வாகனம். போகும்போது ஒருவர், திரும்பும்போது ஆறு பேரும் அரிசி மூட்டையும். காலியாக இருக்கையில் டயரின் வெளி விளிம்பும், நிறைந்திருக்கையில் உள் விளிம்பும் தேயும். ஆயிரம் ஊர்களில் இருந்த மெக்கானிக்குகளுக்கு நேர் ஆக்சில் மட்டுமே பழக்கம். யூஜே கிராஸையும் ரேடியஸ் ராடு ஷிம்மையும் யார் பார்ப்பார்கள்? தவறாக இலை சேர்க்கப்பட்ட ஸ்விங் ஆக்சில் ஆபத்து. தவறாக இலை சேர்க்கப்பட்ட நேர் ஆக்சில் வெறும் குலுக்கல். கவனிப்பு எப்படி இருந்தாலும் ஆளைக் கவிழ்க்காத வண்டியைத் தர வேண்டும் என்று ஒரு தொழிற்சாலை நினைத்திருந்தால், அதைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த நியாயம் புதிதாக வண்டி செய்பவர்களுக்கு உரியது. இன்று எஞ்சியிருக்கும் ஹெரால்டுகளில் ஒன்றை எடுத்து, சேஸியை வெட்டி, வேறொரு காரின் ஆக்சிலைப் பற்றவைப்பதற்கு அது துணை நிற்காது. ஹெரால்டின் சேஸி, அந்த டிஃபரன்ஷியலையும் பட்டாவையும் தாங்குவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. நேர் ஆக்சிலின் விசைகள் வரும் இடங்களில் அதற்குப் போதிய வலு கிடையாது. சட்டமும் இதைச் சும்மா விடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்குக் கட்டுப்பாடு விதிக்கிறது. 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதிகளோ, 50 ஆண்டு கடந்த வண்டியாக இருந்தாலும் சேஸியிலும் உடலிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கின்றன. போல்ட்டைக் கழற்றிப் பழைய பட்டாவைத் திருப்பிப் போட்டால் ஒரே நாளில் என் வண்டி 1966-இல் இருந்த நிலைக்குப் போய்விடும். அந்தப் பட்டாவுக்கு எண்ணெய் தடவி, சாக்கில் சுற்றி, வண்டி நம்பரை எழுதி வைத்திருக்கிறேன். எனக்குப் பின்னால் வண்டியை வாங்குபவர் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும்.

என் வண்டிக்கு வேலை பார்க்கும் மெக்கானிக், நேர் ஆக்சில் கட்சியில் மிகத் தீவிரமாக இருந்தவர். வேலை முடிந்ததும் அவரே தாம்பரம் வரை ஓட்டிப் போய்த் திரும்பினார். இறங்கியதும் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்தார். "பின்னால தூக்கவே மாட்டேங்குது சார்" என்றார். அவருடைய ஷெட்டின் மூலையில் இன்னொரு ஹெரால்டு நிற்கிறது. அதற்குப் போடுவதற்காக ஒரு பழைய நேர் ஆக்சிலையும் அதன் சொந்தக்காரர் வாங்கி வைத்திருக்கிறார். சேஸியை வெட்டும் வேலையை மெக்கானிக் இப்போதைக்கு நிறுத்திவைத்திருக்கிறார். அந்தச் சொந்தக்காரர் வரும் ஞாயிற்றுக்கிழமை என் வண்டியை ஓட்டிப் பார்க்க வருகிறார். அவருக்காக இங்கிலாந்துக் கடையில் இன்னொரு பட்டா கையிருப்பில் இருக்கிறதா என்று ஏற்கனவே விசாரித்துவிட்டேன், இருக்கிறது.